"அதே பறவை": ஓடையோரப் பழுப்பு ஈப்பிடிப்பான் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

முதல் நாள் காலை 9.20-க்கு நான் எழுதிய குறிப்பு "அதே பறவை" என்று தொடங்குகிறது. நான்கு நாள் எங்களைச் சுற்றலில் விட்டது அந்த இரண்டு சொல்தான். அது எப்படி நடந்தது, எப்படி வெளிப்பட்டது என்பதைக் குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இடம், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஓர் ஓடை. ஓடைக்கு இடப்பக்கம் பள்ளம். மூங்கிலும் புதரும் அடர்ந்து, மேலே மரங்கள் கவிந்து, காலை எட்டு மணிவரை அரையிருட்டாகவே இருக்கும். வலப்பக்கம் மேடு. அங்கே மரங்கள் விலகி, பட்டுப்போன மரம் ஒன்று மட்டும் மொட்டையாக நிற்கிறது. புதருக்கும் பட்டமரத்துக்கும் இடையில் நாற்பது அடி இருந்தால் அதிகம். மாதம் ஜனவரி. செப்டம்பர், அக்டோபரில் வந்திறங்கிய வலசைப் பறவைகள் அலைச்சல் முடிந்து ஆளுக்கோர் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்ட காலம். என்னோடு வந்தவர் என்னைவிடப் பதினைந்து வருஷம் கூடுதலாகப் பறவை பார்த்தவர். அண்ணன் என்று கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

முதல் மூன்று நாள் குறிப்புகளில் சில, எழுதியது எழுதியபடி:

நாள் 1, 6.55: "பள்ளத்துப் புதர், தரையிலிருந்து இடுப்பு உயரம். பழுப்பு முதுகு. தொண்டை வெள்ளை, அதற்குக் கீழே மார்பில் பழுப்புப் பட்டை. கண்வளையம் பெரிது. கால் தெரியவில்லை."

நாள் 1, 9.20: "அதே பறவை, இப்போது பட்டமரத்தில். பறந்து பிடித்து அதே கிளைக்குத் திரும்புகிறது. கால் கறுப்பு மாதிரி. சிறகில் வெளிர் விளிம்பு."

நாள் 2, 7.05: "புதர். கால் வெளிர், சதை நிறம்!"

நாள் 2, 10.00: "பட்டமரம். மார்பு அவ்வளவு பழுப்பாக இல்லை, சாம்பல் ஓடுகிறது. கீழலகின் அடி மஞ்சள், நுனி கறுப்பு."

நாள் 3, 7.30, மேகமூட்டம்: "புதர். கீழலகு முழுக்க மஞ்சளா? நுனி வரை?"

இப்போது படிக்கும் யாருக்கும் விஷயம் புரிந்திருக்கும். அன்றைக்கு எங்களுக்குப் புரியவில்லை.

யார் யாராக இருக்கலாம்

ஈப்பிடிப்பான் என்பதில் சந்தேகம் இல்லை. நிமிர்ந்து உட்காரும் தோரணை, பெரிய கண், அடியில் அகன்ற அலகு, அலகோரத்தில் மீசை முடி, பறந்துபோய்ப் பூச்சியை லபக்கென்று பிடித்துத் திரும்பும் வேலை, எல்லாம் பொருந்தின. பழுப்பாக இருக்கிறது என்பதால் செம்மார்பு ஈப்பிடிப்பானின் பெட்டையா என்ற கேள்வி எழும். அதைத் தள்ள அரை நிமிஷம் போதும். அதன் வால் கறுப்பு, வாலடியில் இரண்டு பக்கமும் வெள்ளை, அந்த வாலை அடிக்கடி மேலே தூக்கிக் காட்டும். நம் பறவையின் வாலில் வெள்ளை இல்லை. டிக்கெல் நீல ஈப்பிடிப்பானின் பெட்டைக்கு எவ்வளவு மங்கினாலும் நீலச்சாயல் போகாது, மார்பிலும் ஆரஞ்சு இருக்கும். அதையும் விட்டோம்.

மிஞ்சியது மூன்று. பழுப்பு ஈப்பிடிப்பான், பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான், செம்பழுப்பு வால் ஈப்பிடிப்பான். மூன்றும் சிட்டுக்குருவி அளவுக்குள் அடங்குபவை, குளிர்காலத்தில் மூன்றையும் மேற்குத் தொடர்ச்சி மலையில் பார்க்கலாம். கையேட்டில் பக்கத்துப் பக்கத்தில் வரைந்திருக்கும் படங்களைப் பார்த்தால் இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். காட்டில் இலைக்குப் பின்னால் அரைமுகம் காட்டும்போதுதான் கஷ்டம் தெரியும்.

பழுப்பு ஈப்பிடிப்பானின் அறிவியல் பெயர் மஸ்கிகாபா டாவூரிகா. பழைய புத்தகங்களில் லாட்டிரோஸ்ட்ரிஸ் என்று இருக்கும். அகன்ற அலகு என்று பொருள், எனக்கு அந்தப் பழைய பெயர்தான் பிடிக்கும், பறவையைப் பார்த்து வைத்த பெயர். முதுகு சாம்பல் கலந்த பழுப்பு. வயிறு வெள்ளை. மார்பில் சாம்பல் நீரில் துணியை நனைத்து ஒற்றியதுபோல ஒரு மங்கல், எல்லை தெரியாது. கண்ணுக்கும் அலகுக்கும் இடைப்பட்ட இடம் வெளிர். கால் கறுப்பு. கீழலகின் அடிப்பகுதி மஞ்சள், நுனி கறுப்பு. கிழக்கு சைபீரியா தொடங்கி இமயம் வரை கூடு கட்டுகிறது.

பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான், மஸ்கிகாபா முத்துயி. ஆம், முத்துதான். இலங்கையில் பறவைகளைச் சேகரித்த எட்கர் லேயார்டு என்பவர் 1854-இல் இந்த இனத்தை விவரித்தார். அவருக்குக் கிடைத்த பறவை பருத்தித்துறையில் பிடிபட்டது. தன்னிடம் நெடுநாள் வேலை பார்த்து, தனக்குப் பல நல்ல பறவைகளைத் தேடிக் கொண்டுவந்து தந்த முத்துவின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார். ஆளுநர்களும் படைத்தளபதிகளும் பறவைப் பெயர்களில் உட்கார்ந்திருந்த காலத்தில் ஒரு வேலைக்காரரின் பெயர் ஏறியது அபூர்வம். இந்தப் பறவையைப் பட்டியலில் எழுதும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் உண்டு. முதல் நாளே இதுதான் என்று முடிவுகட்ட அவசரப்பட்டதில் அந்தச் சந்தோஷத்துக்கும் பங்கு உண்டு என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முத்துயி வடகிழக்கு இந்தியாவிலும் சீனாவின் மலைகளிலும் கூடு கட்டிவிட்டுக் குளிருக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும். தொண்டை நல்ல வெள்ளை, அதன் இரு ஓரத்திலும் மீசைபோல ஒரு கருங்கோடு, அதற்குக் கீழே மார்பில் பழுப்புப் பட்டை. சிறகிறகுகளின் விளிம்பிலும் வாலிலும் செம்மை ஓடும். கால் வெளிர், சதை நிறமோ மஞ்சளோ. கீழலகு அடிமுதல் நுனிவரை வெளிர் மஞ்சள். திறந்த வெளிக்கு வர விரும்பாது, சத்தம் போடாது. விடியலிலும் அந்தியிலும்தான் சுறுசுறுப்பு.

செம்பழுப்பு வால் ஈப்பிடிப்பான் மேற்கு இமயத்திலும் அதற்கு அப்பாலும் கூடு கட்டும் பறவை. முன்பு இதையும் மஸ்கிகாபா பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள், இப்போது ஃபிசெடுலா பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். முகம் வெறுமையாக இருக்கும், கண்வளையம் எடுப்பாக இராது. பிட்டமும் வாலும் துருப்பிடித்த இரும்பின் சிவப்பு. இதைப் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

நாங்கள் முடிவு கட்டிய விதம்

இரண்டாம் நாள் காலையில் கால் வெளிராகத் தெரிந்ததும் அண்ணனைப் பார்த்து, "முத்துதாண்ணே" என்றேன். அவரும் தலையாட்டினார். மார்பில் பட்டை, கால் வெளிர், கண்வளையம் பெரிது, புதரில் தாழ்வாக இருக்கிறது. நாலு அடையாளம் ஒன்றுசேர்ந்தால் வேறென்ன வேண்டும்? பட்டியலில் எழுதிவிட்டேன்.

அப்புறம் பத்து மணிக்குப் பட்டமரத்தில் உட்கார்ந்து மார்பைச் சாம்பலாகக் காட்டியது. கீழலகு நுனியைக் கறுப்பாகக் காட்டியது. இங்கேதான் நான் செய்த காரியத்தைக் கவனிக்க வேண்டும். முடிவை மாற்றவில்லை. ஒவ்வொரு முரணுக்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன். மார்பு சாம்பலாகத் தெரிவது வெயில் ஏறி நிறம் வெளுத்ததால். முதல் நாள் கால் கறுப்பாகத் தெரிந்தது பின்வெளிச்சத்தால். அலகு நுனி கறுப்பாக இருப்பது பூச்சியின் சிறகு ஏதாவது ஒட்டிக்கொண்டிருப்பதால். கடைசிச் சமாதானத்தை எழுதியே வைத்திருக்கிறேன், இப்போது படித்தால் சிரிப்பு வருகிறது. ஐந்து நிமிஷம் ஒட்டியபடியே இருக்கும் சிறகா?

இதில் சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு சமாதானமும் தனித்தனியாக நம்பக்கூடியதுதான். வெளிச்சம் உண்மையிலேயே இந்தப் பறவைகளோடு விளையாடும். மரக்கூரைக்குக் கீழே வரும் வெளிச்சம் இலையில் வடிகட்டிப் பச்சையாக வருகிறது. கேமரா அதைச் சரிக்கட்டுகிறேன் என்று படத்தில் செம்மையைக் கூட்டிவிடும், சாம்பல் மார்பு பழுப்பு மார்பு ஆகிவிடும். கறுப்புக் காலின் மேல் நேர் வெயில் பட்டால் செதில்கள் மின்னி, படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கையில் வெளிர்க் கால் என்று நினைக்க வைக்கும். குளிர்ந்த விடியலில் பறவை இறகைப் பந்தாக உப்பிக்கொண்டு உட்காரும்போது காலே வயிற்று இறகுக்குள் போய்விடும், விரல்கள் மட்டும் கிளையில் தெரியும். முதல் நாள் "கால் தெரியவில்லை" என்று எழுதியது அதனால்தான்.

ஆகவே நிறத்தை எடைபோட எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மார்பு என்ன நிறம் என்று கேட்காமல், அதே பறவையின் தொண்டையோடு ஒப்பிட்டு எவ்வளவு கருமை, எல்லை வெட்டினாற்போல் இருக்கிறதா, கரைந்துபோகிறதா என்று பார்ப்போம். ஒரே வெளிச்சத்தில் இருக்கும் இரண்டு இடங்களை ஒப்பிட்டால் வெளிச்சத்தின் பொய் இரண்டிலும் சமமாக இருக்கும். மூன்றாம் நாள் இரவு படங்களை அப்படித்தான் பிரித்துப் பார்த்தோம். புதரில் எடுத்த படங்களில் தொண்டை வெள்ளை சட்டென்று முடிந்து பட்டை தொடங்குகிறது, ஓரத்தில் மீசைக்கோடு. பட்டமரத்துப் படங்களில் தொண்டையிலிருந்து மார்புக்கு வெள்ளை மெல்ல மங்கிக்கொண்டே போகிறது, எங்கே தொடங்கியது என்று விரல் வைக்க முடியாது. நிறத்தை வெயில் வெளுக்கலாம், ஆனால் ஒரு கோட்டை வெயில் அழிக்காது.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. "முகத்தை வேறு கோணத்தில் வைத்திருக்கிறது" என்றேன்.

கீழலகு

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இந்தக் கூட்டத்தில் என்னை அதிகம் காப்பாற்றியது கீழலகுதான், ஆனால் பார்ப்பதற்கு மிகவும் அடம்பிடிப்பதும் அதுதான்.

பக்கவாட்டில் பார்த்தால் மேலலகின் கருமை கீழலகின் மேல் நிழலாக விழும். முத்துயியின் முழு மஞ்சள் கீழலகுகூட, பக்கவாட்டில் கீழ்விளிம்பில் ஒரு மெல்லிய வெளிர்க் கோடாகத்தான் தெரியும். முன்னால் நேராகப் பார்த்தால் நுனி மட்டுமே தெரியும், நுனி இருட்டில் எப்போதும் கறுப்பு. சரியான கோணம் கீழிருந்து, பறவை தலையை அண்ணாந்து பூச்சி தேடும் நொடி. நாம் பள்ளத்தில் உட்கார்ந்து பறவை மேலே இருந்தால் அது தானாகவே கிடைக்கும். இந்தப் பறவைகள் பூச்சியைப் பார்த்துத் தலையைச் சாய்த்துச் சாய்த்து அண்ணாந்து பார்க்கும். பைனாகுலரை எடுத்த எடுப்பில் உடம்பு முழுக்க மேயவிடாமல் தாடையிலேயே நிறுத்தி வைத்துக் காத்திருந்தால், இரண்டு நிமிஷத்துக்குள் ஒரு தடவையாவது காட்டிவிடும்.

அப்படிப் பார்க்கும்போது பழுப்பு ஈப்பிடிப்பானின் கீழலகு, முனையை மையில் தோய்த்த மஞ்சள் குச்சி மாதிரி இருக்கும். மஞ்சள் எவ்வளவு தூரம் வரும் என்பது பறவைக்குப் பறவை கொஞ்சம் மாறும், ஆனால் நுனி கறுப்பு. முத்துயியில் அந்த மைத்தோய்ப்பு கிடையாது.

ஒரு எச்சரிக்கை. பின்னால் வெயில் இருந்தால் கீழலகின் மெல்லிய பகுதி விளக்கு ஏற்றினதுபோல ஒளிரும். அந்த ஒளியில் கறுப்பு நுனிகூடச் செம்மஞ்சளாகத் தோன்றிவிடலாம். ஆகவே வெயிலுக்கு எதிரே நின்று பார்த்த அலகைக் கணக்கில் எடுப்பதில்லை.

அலகையும் காலையும் சேர்த்துப் பார்த்தால் பாதி வழக்கு தீரும். நுனி கறுப்பு, கால் கறுப்பு என்றால் பழுப்பு ஈப்பிடிப்பான். கீழலகு முழுக்க வெளிர், காலும் வெளிர் என்றால் முத்துயி. கீழலகு வெளிர், ஆனால் கால் கருமை என்று வந்தால் நின்று வாலைப் பார்க்க வேண்டும். ஆனால் இந்த இரண்டும் ஒரே பறவையின் அலகும் காலுமாக இருக்க வேண்டும். நான் கோட்டைவிட்டது அங்கேதான்.

திருப்பம்

நான்காம் நாள் காலை எதுவும் புதிதாகத் தெரியவில்லை. புதரில் ஒரு பார்வை, பட்டமரத்தில் ஒரு பார்வை, அதே குழப்பம். வெயில் ஏறியதும் பாறைமேல் உட்கார்ந்துகொண்டு அண்ணன் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்:

"தம்பி, இது பள்ளத்துல இருந்து மேட்டுக்குப் பறந்து போறதை நீ ஒரு தடவையாவது பார்த்தியா?"

யோசித்தேன். இல்லை. அவரும் பார்க்கவில்லை. நான்கு நாளில் புதரில் பறவை மறையும், வெயில் ஏறிய பிறகு பட்டமரத்தில் ஒரு பறவை இருக்கும். நடுவில் ஓடையைத் தாண்டிய பறவையை யாரும் பார்க்கவில்லை. தாண்டியது என்று நாங்களாக எழுதிக்கொண்டோம்.

உடனே குறிப்புகளை இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதினோம். புதரில் பார்த்ததெல்லாம் ஒரு பக்கம், பட்டமரத்தில் பார்த்ததெல்லாம் ஒரு பக்கம். நேரம், உயரம், மார்பு, கால், அலகு. பிரித்த உடனே முரண் எல்லாம் காணாமல் போனது. புதர்ப் பத்தியில் கால் வெளிர், பட்டை, மீசைக்கோடு, கீழலகு முழுக்க மஞ்சள். மரப் பத்தியில் கால் கறுப்பு, மங்கிய மார்பு, அலகு நுனி கறுப்பு. எந்தச் சமாதானமும் தேவைப்படவில்லை. பூச்சிச் சிறகு கழன்று விழுந்தது.

நேரமும் இடம் பிரிந்ததுபோலவே பிரிந்தது. புதரில் பார்த்ததெல்லாம் 7.45-க்கு முன்னால். அதற்கு அப்புறம் அங்கே பறவை ஒன்று உட்கார்ந்திருந்தாலும் அசையாமல் இருந்திருக்கும், நாங்கள் பார்த்திருக்க மாட்டோம். பட்டமரம் வெயில் ஏறிய பிறகுதான் வேலைக்கு வரும், பூச்சிகள் அப்போதுதான் அங்கே பறக்கும். அதாவது ஒரு பறவை ஓயும் நேரத்தில் மற்றது தொடங்கியது. இரண்டுக்கும் இடையிலிருந்த அந்த இடைவெளிதான் "அதே பறவை இடம் மாறியது" என்ற கதையை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது.

இரண்டு பறவை என்று நம்புவது வேறு, காட்டுவது வேறு. ஐந்தாம் நாள் பிரிந்து உட்கார்ந்தோம். அண்ணன் பள்ளத்துக்குள், நான் மேட்டில். கடிகாரத்தை ஒரே மாதிரி வைத்துக்கொண்டு, பறவை கண்ணில் இருக்கும் ஒவ்வொரு நிமிஷத்தையும் எழுதுவது என்று ஏற்பாடு. அன்றைக்குப் பட்டமரத்துப் பறவை வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தது, 7.32. வந்தமர்ந்ததும் வாலை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது. மூன்று முறை பறந்து பிடித்தது, மூன்று முறையும் அதே கொம்பு. ஒரு தடவை கிடைத்த பூச்சியைக் கிளையில் இரண்டு தட்டு தட்டி விழுங்கியது. 7.41 வரை என் கண்ணைவிட்டு அது போகவில்லை.

அண்ணனின் தாளில்: "7.29 முதல் 7.38 வரை புதர். கால் வெளிர். கீழலகு நுனிவரை மஞ்சள், கீழிருந்து பார்த்தது."

ஆறு நிமிஷம் இரண்டு பேரும் இரண்டு பறவையைப் பார்த்திருக்கிறோம். அவ்வளவுதான், வழக்கு முடிந்தது.

குறிப்புகளைத் திருத்திய போது

சரி, பழையதைத் திருத்த வேண்டும் அல்லவா. எளிதாக இருக்கும் என்று நினைத்தேன், எளிதாக இல்லை. நாள் 1, 6.55 குறிப்பு முத்துயிக்குப் போகிறது, மார்பும் கண்வளையமும் இடமும் பொருந்துகின்றன. நாள் 1, 9.20 பழுப்பு ஈப்பிடிப்பானுக்கு. அங்கே "சிறகில் வெளிர் விளிம்பு" என்று எழுதியிருந்தேன். அதை முத்துயியின் செம்மை விளிம்பு என்றே எடுத்துக்கொண்டேன், அதனால் அந்த அடையாளம் எனக்குக் கூடுதல் பலமாகத் தோன்றியது. படத்தில் நிதானமாகப் பார்த்தால் அது செம்மை இல்லை, வைக்கோல் நிறம். பெரிய சிறகுமூடிகளின், அதாவது சிறகின் மேல் வரிசையாகப் படிந்திருக்கும் மூடு இறகுகளின், நுனியில் ஒரு மெல்லிய கோடாகச் சேர்ந்திருக்கிறது. முதல் குளிர்காலத்தில் இருக்கும் இளம் பழுப்பு ஈப்பிடிப்பான்கள் குஞ்சுப் பருவத்துச் சிறகிறகுகளை வைத்திருப்பதால் இப்படிக் காட்டும். ஆக மரத்துப் பறவை அனேகமாகப் போன வருஷத்துக் குஞ்சு.

இரண்டு குறிப்பை எந்தப் பக்கமும் சேர்க்க முடியவில்லை. நாள் 3-இல் ஓடை நடுவில் தாழ்ந்த கிளையில் அரை நொடி பார்த்தது ஒன்று. நாள் 4-இல் முதுகு மட்டும் தெரிந்தது ஒன்று. இரண்டையும் மஸ்கிகாபா, இனம் தெரியவில்லை என்று மாற்றினேன். பறவைப் பட்டியல்களைப் பதியும் ஈபேர்டு இணையதளத்தில் அப்படிப் பதிய வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்த வெட்கப்பட ஒன்றும் இல்லை. நான் முதலில் வெட்கப்பட்டேன் என்பது வேறு கதை.

குரலை ஏன் கேட்கவில்லை என்று யாராவது கேட்பார்கள். கேட்டோம். பட்டமரத்தில் ஒரு மெல்லிய "ட்ஸி", ஒரே தடவை. புதரில் ஐந்து நாளும் மௌனம். குளிர்காலத்தில் இவை பாடுவதில்லை. பாட்டு கேட்டிருந்தால் இவ்வளவு எழுதியிருக்கவே வேண்டாம்.

இப்போது களத்தில் செய்வதில் ஒரே ஒரு மாற்றம். ஒரு பறவை கண்ணைவிட்டு மறைந்து, பிறகு இன்னொரு இடத்தில் ஒன்று தென்பட்டால், அதைப் புதிய எண்ணில் எழுதுகிறேன். ப-1, ப-2, ப-3. தொடர்ந்து கண்ணால் பின்தொடர்ந்திருந்தால் மட்டுமே பழைய எண். வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்த பிறகு ப-1-ம் ப-3-ம் ஒன்றுதான் என்று சேர்ப்பது சுலபம். ஒன்றாக எழுதிவிட்டால் பிரிப்பது எவ்வளவு பாடு என்று மேலே பார்த்தீர்கள். அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. "பறவை பார்க்க வந்தியா, கணக்கு எழுத வந்தியா" என்கிறார். ஆனால் நாள் முடிவில் என் நோட்டைத்தான் கேட்டு வாங்குகிறார்.

மூன்றாவது

ஐந்தாம் நாள் 10.40-க்குத் திரும்பும் வழியில், ஓடையிலிருந்து கொஞ்சம் மேலே, உயரமான மரத்தின் நடுக்கிளையில் பழுப்பு நிறத்தில் ஏதோ ஓர் ஈப்பிடிப்பான் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. வால் சிவப்பு. "செம்பழுப்பு வால்!" என்று வாய்வரை வந்துவிட்டது.

சொல்லவில்லை, காரணம் இருந்தது. முத்துயியின் வாலிலும் செம்மை உண்டு, வெயில் நேராகப் பட்டால் அது இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். செம்பழுப்பு வால் ஈப்பிடிப்பானில் செம்மை வாலோடு நிற்காது, வாலுக்கு மேலே பிட்டத்திலும் ஏறியிருக்கும். முதுகின் மங்கிய பழுப்போடு அது வெட்டித் தெரியும். முகம் வெறுமையாக, கண்வளையம் மங்கலாக இருக்கும். அடிவயிறும் மார்பும் ஒரே சீராக அழுக்கு வெள்ளை, பட்டை கிடையாது. நாங்கள் பார்த்தது வால், கீழ்முதுகின் ஒரு ஓரம், அவ்வளவுதான். பறவை திரும்பவில்லை. அண்ணன் இடப்பக்கமாகச் சுற்றிப் போனார், நான் அசையாமல் நின்றேன். அவர் பத்தடி போவதற்குள் அது மரத்துக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. இருபது நிமிஷம் காத்திருந்தோம். அதன் சோகமான சீழ்க்கை ஒன்று கேட்டிருந்தாலும் போதும், கேட்கவில்லை.

என்னிடம் அந்தப் பறவையின் ஒரே ஒரு படம் இருக்கிறது. மூன்று பேருக்குக் காட்டினேன். இரண்டு பேர் செம்பழுப்பு வால் என்றார்கள், ஒருவர் முத்துயி என்றார். மூன்று பேருமே படத்தைப் பார்த்த ஐந்து வினாடிக்குள் சொன்னார்கள். பட்டியலில் அது ப-9, இனம் தெரியவில்லை.

மார்ச்சில் மறுபடியும் அங்கே போனோம். குறிப்பு இது:

"6.45. புதரில் பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான் ஒன்று. கால் வெளிர், கீழலகு முழு மஞ்சள், கீழிருந்து பார்த்தது. ஜனவரியில் பார்த்ததுதானா என்று எழுத முடியாது, காலில் அடையாள வளையம் இல்லை. 8.10 முதல் 10.00 வரை பட்டமரம் காலி."